காகிதத்தில் ஒரு முகம்: சுவர் முகமூடி செய்ய முதல்முறை இறங்குபவர்களுக்கு

சென்னையில் முகமூடி பார்க்க எங்கும் தேடிப்போக வேண்டாம். கட்டி முடியாத வீடு ஏதாவது ஒன்றின் முன்னால் நின்று அண்ணாந்து பாருங்கள். முழித்த கண், தொங்கும் சிவப்பு நாக்கு, இரு பக்கமும் கோரைப்பல், முறுக்கிய மீசை. திருஷ்டி பொம்மையைச் செய்தவர் அது யாருடைய முகத்தைப் போலவாவது இருக்க வேண்டும் என்று கவலைப்படவே இல்லை. மூன்றாவது மாடியில் கட்டினாலும் தெருவில் போகிறவர் பார்வை முதலில் அதில் விழ வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அதனால்தான் கண் அவ்வளவு பெரிது, நிறம் மூன்றே மூன்று. எந்த வேலைக்காக முகமூடியோ அந்த வேலைதான் முகத்தை வரைகிறது. உலகத்தின் பழைய முகமூடிகள் எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

இங்கே நாம் செய்யப்போவது சுமார் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள, காகிதத்தாலான, சுவரில் மாட்டும் அலங்கார முகமூடி. மரம் செதுக்கத் தெரிய வேண்டாம். ஓவியம் நன்றாக வரும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். வெயில் ஒத்துழைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். அதில் பெரும்பகுதி காய்வதற்காகக் காத்திருக்கும் நேரம்.

முகத்தை எடுக்காதீர்கள், உத்தியை எடுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இணையத்தில் ஒரு படத்தைப் பிடித்து அதை அப்படியே செய்யப் பார்ப்பார்கள். அது உயிரில்லாமல்தான் வரும். ஆடுகிறவர் அணிந்து, விளக்கொளியில், தாளத்தோடு அசைவதற்காகச் செதுக்கிய முகத்தைப் பேப்பரில் நகலெடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே மாட்டினால் வேறென்ன ஆகும்? அதைவிட, அந்த முகமூடிக்காரர்கள் எந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்த்து அந்த ஒரு உத்தியை மட்டும் கடன் வாங்குவது நல்லது. சில உதாரணங்கள் சொல்கிறேன்.

ஜப்பானின் நோ நாடக முகமூடி ஹினோக்கி என்ற மரத்தில் செதுக்குவது. சிப்பித் தூளும் விலங்குப் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு அதன்மேல் ஏறும். இளம்பெண் முகமூடிகளைப் பார்த்தால் சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்றே தெரியாது. நடிகர் தலையைச் சற்று மேலே தூக்கினால் முகம் மலர்கிறது; சற்றுக் கீழே கவிழ்த்தால் வாடுகிறது. வாயையும் கண்ணிமையையும் பாதி உணர்ச்சியில் நிறுத்திவிட்டு மீதியை நிழலிடம் விட்டுவிடுகிறார்கள். நமக்கு இதில் கிடைப்பது: முகமூடியின் பாதி வேலையை வெளிச்சம் செய்யும், அது எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

இலங்கையின் தெற்குக் கரையில் இருக்கும் அம்பலாங்கொடை முகமூடிகளுக்குப் பேர்போன ஊர். கதுரு என்ற லேசான மரம்தான் அங்கே மூலப்பொருள். நோய்களை விரட்டும் சன்னி யக்கும சடங்கில் 18 சன்னிப் பேய்கள், ஒவ்வொரு நோய்க்கும் ஒரு முகம். ராட்சச முகமூடிகளில் தலைக்குமேல் நாகங்கள் படமெடுக்கும், கண்ணோ குழியைவிட்டு வெளியே வந்து உருளும். அந்தப் புடைத்த கண்ணை நாம் எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது தனித்துத் தெரியும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் புவா மக்களின் பலகை முகமூடிகள் ஆள் உயரத்தையும் தாண்டுபவை. அவற்றில் முகம் என்று நாம் நினைப்பது கொஞ்சம்தான். கறுப்பு, வெள்ளை, சிவப்பில் கட்டங்களும் கோணங்களும்தான் பேசுகின்றன. கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்கே ஒரு பொருள் உண்டு: புதிதாகத் தீட்சை பெற்ற இளைஞர்கள் உட்காரும் வெளுத்த புதுத் தோல், பெரியவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து கறுத்த பழைய தோல். அவர்கள் கட்டத்தை நாம் எடுக்க வேண்டியதில்லை. வடிவியல் கோலத்தாலேயே ஒரு முகத்தை நிரப்பலாம் என்ற துணிச்சலை எடுத்துக்கொண்டால் போதும். கோலம் போடுகிற ஊரில் நமக்குச் சொந்தமாகவே சரக்கு இருக்கிறது.

வெனிஸ் முகமூடி, அதாவது பெரும்பாலானவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, எனக்கு அவ்வளவு உவப்பில்லை. இறகும் ஜிகினாவும் ஒட்டி மால்களில் விற்று விற்று அலுத்துவிட்டது. ஆனால் அங்கே முகமூடி செய்கிறவர்களுக்கு 1436லேயே தனிச் சட்டதிட்டம் இருந்திருக்கிறது. அவர்களின் பௌத்தா என்ற வெள்ளை முகமூடியும் கெட்டிக்காரத்தனமானது. வாய்ப்பகுதி முன்னால் கூரைபோல் நீண்டிருக்கும், கழற்றாமலே சாப்பிடலாம், குடிக்கலாம்.

நம் பக்கத்து உதாரணம் கீர்த்திமுகம். கோயிலில் சுவாமிக்குப் பின்னால் இருக்கும் திருவாசியின் உச்சியில் பாருங்கள். பிதுங்கும் கண், விரிந்த மூக்கு, மேல்வரிசைப் பல், அதோடு சரி. பெரும்பாலும் கீழ்த்தாடை இருக்காது. பசி தாங்காமல் தன் உடம்பையே தின்றுவிட்டு முகம் மட்டும் மிஞ்சியவன் என்பது புராணக் கதை. ஜாவாவின் பழைய கோயில் வாசல்களுக்கு மேலேயும் காலன் முகம் என்று இதே சாயல் உட்கார்ந்திருக்கிறது, அங்கேயும் பல இடங்களில் கீழ்த்தாடை கிடையாது. முதல்முறை செய்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். காகித முகமூடியில் ரொம்பப் படுத்துவது திறந்த வாயும் கீழ்த்தாடையும்தான்.

ஆகவே இந்தக் கட்டுரைக்கான முகமூடியை இப்படி வைத்துக்கொள்வோம்: தாடையில்லாத முகம், அம்பலாங்கொடை பாணியில் புடைத்த கண், நெற்றியில் நம்மூர்க் கம்பிக் கோலம், மாட்டும்போது நோ முகமூடிபோல் சற்றே முன்னால் கவிழ்ந்த சாய்வு. உங்களுக்கு வேறு கலவை பிடித்தால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு மூன்று மரபுகளுக்குமேல் போகாதீர்கள். அப்புறம் எதுவும் கண்ணில் நிற்காது.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1851இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலச் சிலைக் கூடத்தில் கண், புருவம், மூக்கு மூன்றும் ஒரே ஓட்டத்தில் எப்படி இணைகின்றன என்று பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து வரையுங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால் கைக்கு எதுவும் ஏறாது. முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவும் கைவினைப் பொருள்கள் பார்க்க நல்ல இடம், செவ்வாய்க்கிழமை தவிர.

தொடக்கூடாதவை

சில முகமூடிகள் அலங்காரப் பொருளே அல்ல. வட அமெரிக்காவின் ஹோடெனொஷோனி மக்கள் தங்கள் மருத்துவ முகமூடிகளை விற்பதையும் காட்சிக்கு வைப்பதையும் நகல் செய்வதையும் வெளிப்படையாகவே மறுக்கிறார்கள். நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூரில் பாகவத மேளா நாட்டிய நாடகம் நடக்கும்போது அணியும் நரசிம்மர் முகமூடி கோயிலில் வைத்துப் பூஜை செய்யப்படுவது. அதை யாராவது வரவேற்பறை அலங்காரமாக்கினால் நமக்கு எப்படி இருக்கும்? பூஜையில் இருப்பது, தீட்சை பெற்றவர் மட்டும் தொடுவது, இறந்தவர்களோடு தொடர்புள்ளது என்று தெரிந்தால் அந்த உருவத்தை விட்டுவிடுங்கள். விற்கிற எண்ணம் இருந்தால் 'அம்பலாங்கொடை முகமூடி' என்று சீட்டு ஒட்டாமல், எந்த மரபைப் பார்த்து எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அஸ்ஸாமின் மாஜுலி முகமூடிகளுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரில் வேறு யாரும் விற்க முடியாது.

வரைபடம்

ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மடிப்பை ஒட்டி அரை முகம் வரைந்து, வெட்டி, விரித்தால் இரு பக்கமும் ஒத்த முகம் கிடைக்கும். தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர், நமக்கு வேண்டிய அளவு அதுவேதான்.

அளவுக்கு நம் சிற்பிகளின் கணக்கு கைகொடுக்கும். தாளமானம் என்ற அந்த அளவு முறையில் முகம் 12 அங்குலம். இது ஸ்கேலில் உள்ள இஞ்ச் இல்லை, சிலையின் அளவுக்கேற்ப மாறும் விரலளவு. நெற்றிமுடி முதல் புருவம்வரை 4, புருவம் முதல் மூக்கு நுனிவரை 4, மூக்கு நுனி முதல் தாடைவரை 4. முதலில் இந்த மூன்று சம பாகத்தை லேசாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் வேண்டுமென்றே ஒரே ஒரு பாகத்தைக் குலைக்க வேண்டும். நாம் செய்யும் முகத்தில் கடைசிப் பாகத்தையே தூக்கிவிட்டு, மிச்சமான இடத்தை நடுப்பாகத்துக்குக் கொடுக்கிறோம். கண்ணும் மூக்கும் வளர்கின்றன. மூன்று பாகத்தையும் சேர்த்துப் பெரிதாக்கினால் அது பெரிய முகம், முகமூடி இல்லை.

வரைந்ததை வெறும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பி, சுவரில் ஒட்டி, ஹாலின் மறுகோடியிலிருந்து பாருங்கள். கண்ணும் பல்லும் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. எல்லாம் ஒரே கறுப்பாகக் கலந்தால் கண்ணைச் சுற்றி வெற்றிடம் போதவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையைச் செய்ய சோம்பல்பட்டுத்தான் பாதிப்பேர் பின்னால் பெயின்ட்டில் மல்லுக்கட்டுகிறார்கள்.

சாமான்கள்

களிமண் 5 கிலோ. புரசைவாக்கம் பக்கம் கொசப்பேட்டையில் மண்பொம்மை செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. கேட்டால் பிசைந்த மண்ணே கிடைக்கும். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் மட்டும் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள், தலைக்குமேல் வேலை இருக்கும்.

பழைய தினத்தாள், தமிழ் ஒரு கட்டு, ஆங்கிலம் ஒரு கட்டு. காரணம் பின்னால் வரும். மைதா, ஃபெவிகால், சாக் பவுடர், 120, 220 எண் உப்புத்தாள், அக்ரிலிக் வண்ணம் நான்கு, ஒரு தட்டைத் தூரிகை, ஒரு மெல்லிய தூரிகை, மேட் வார்னிஷ் (பளபளக்காதது), கண்ணுக்குக் கொஞ்சம் பளபளக்கும் வார்னிஷ், பழைய வேட்டித் துணி கொஞ்சம், மெல்லிய செம்புக் கம்பி, ஒரு டேபிள் டென்னிஸ் பந்து, பெரிய பாக்குமட்டைத் தட்டு இரண்டு. தாள் வகைகளுக்குப் பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு. மற்றவை உங்கள் தெருமுனை ஸ்டேஷனரி கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

மண்ணில் முகம்

ஒரு பலகைமேல் பாலித்தீன் தாளை விரித்து, வரைபடத்தை அதன்கீழ் வைத்து, மேலே மண்ணைக் குவியுங்கள். நடுவில் 6 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும், ஓரம் சரிந்து பலகையைத் தொட வேண்டும். தட்டையாக விட்டால் முடிவில் தட்டில் வரைந்த படமாகத்தான் இருக்கும். மூக்கை இன்னும் 3 சென்டிமீட்டர் தூக்குங்கள். புருவத்தை ஒரு வரப்பாக எழுப்புங்கள். கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிற அளவுக்கு எழுப்புங்கள், ஏனென்றால் எட்டு அடுக்குக் காகிதமும் மூன்று பூச்சு வெள்ளையும் ஏறும்போது கூர்மையெல்லாம் மழுங்கிவிடும்.

கண் இருக்குமிடத்தில் இப்போது குழி மட்டும் போதும், பந்து அப்புறம் வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பலகைக்கு நேர் மேலே நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். மண்ணின் ஒவ்வொரு இடமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூக்குத் துவாரத்தின் உள்பக்கம், புருவத்தின் அடிப்பக்கம், மூக்கின் இரு ஓரம் என்று எங்கேயாவது மண் உள்நோக்கி வளைந்து மறைந்தால், காய்ந்த காகிதம் அங்கே கொக்கிபோட்டுக்கொள்ளும், வெளியே வராது. மண்ணைத் தோண்டி எடுத்து முகமூடியைக் காப்பாற்றலாம்தான், ஆனால் அச்சு போய்விடும். அப்படி மறையும் இடங்களில் மண்ணை வைத்து ஒரு சரிவாக்கிவிடுங்கள். மூக்குத் துவாரத்தைக் கறுப்புப் பெயின்ட்டில் காட்டிக்கொள்ளலாம்.

விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேலே, கீழே, இடம், வலம் என்று நகர்த்துங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளம் எல்லாம் அம்பலமாகும். ஒரு கன்னம் மட்டும் வீங்கியிருப்பதையும் இந்த நேரத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். மேலிருந்து வெளிச்சம் விழும்போது புருவ நிழல் கண்குழிக்குள் இறங்குகிறதா பாருங்கள். உங்கள் வீட்டில் விளக்கு மேலேதான் இருக்கும், ஆக இந்த நிழல்தான் அந்த முகத்தின் நிரந்தர உணர்ச்சி.

பசை

ஒரு கப் மைதாவைப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து கப் தண்ணீர் வரும்படி சேர்த்து, அடுப்பில் சிறு தீயில் வைத்துக் கிளறுங்கள். வெண்மை போய்க் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கிவிடலாம். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் காய்ச்சுகிற பசை இதுவேதான். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க இதில் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். அதற்குப் பதிலாகச் சில சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டால் பூஞ்சை தள்ளிப்போகும். இன்னும் நிம்மதி வேண்டுமென்றால் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து வைத்துக்கொள்ளுங்கள், செலவு மட்டும் கூடும்.

அடுக்கு அடுக்காக

தாளைக் கத்தரிக்காதீர்கள், கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெலிந்து ஒன்றோடொன்று கரையும்; வெட்டிய ஓரம் கடைசிவரை கோடாகத் தெரியும். கன்னத்துக்கும் நெற்றிக்கும் இரண்டு விரல் அகலத் துண்டு, மூக்கைச் சுற்றி ஒரு விரல் அகலம்.

முதல் அடுக்குக்குப் பசை கிடையாது, வெறும் தண்ணீர்தான். இது மண்ணோடு ஒட்டாமல் பிரிந்துவர. மேற்கு வங்கத்தில் புருலியா சௌ நடன முகமூடி செய்கிற சரிதா கிராமத்துக்காரர்கள் இதே காரணத்துக்காகக் களிமண் அச்சின்மேல் மெல்லிய சாம்பலைத் தூவிவிட்டுத்தான் காகிதம் ஒட்டுவார்கள். அவர்கள் முறையில் காகித அடுக்குகளுக்குமேல் மறுபடி மண்ணும் துணியும் ஏறும். அதனால்தான் துள்ளிக் குதித்து விழுந்து ஆடினாலும் அந்த முகமூடிகள் தாங்குகின்றன. சுவரில் சும்மா தொங்கப்போகிற நமக்கு அவ்வளவு தேவையில்லை.

இரண்டாவது அடுக்கிலிருந்து பசை. ஒரு அடுக்கு முழுக்கத் தமிழ்த் தாள், அடுத்தது முழுக்க ஆங்கிலத் தாள். இப்போது புரியும்: தமிழ் எழுத்து எங்கும் தெரியாதபோது அந்த அடுக்கு முடிந்தது என்று பொருள். இல்லாவிட்டால் மூக்கு நுனியில் மூன்று அடுக்கும் கன்னத்தில் பத்து அடுக்குமாகப் போய்விடும். ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள், உள்ளே காற்று நிற்கக் கூடாது. நான்கு அடுக்கு முடிந்ததும் நிறுத்திக் காயவிட்டு, அப்புறம் மிச்சம் நான்கு.

காய வைப்பதில் சென்னைக்கென்று தனி ஞானம் வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடியில் நேராக வைத்தால் மேல்தாள் முறுகி, அடியில் மண் ஈரமாகவே இருக்க, ஓரம் சுருண்டு முகம் கோணும். முதல் நாள் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே. மேல்பரப்பு கெட்டியான பிறகு மாடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். மூன்று நாள் ஈரமாக இருந்தாலே புளித்த வாடையும் கறுப்புப் புள்ளியும் வந்துவிடும். மாடியில் வைக்கும்போது மேலே ஒரு கொசுவலைத் துணியைப் போட்டு ஓரத்தில் செங்கல் வையுங்கள், மைதா வாசனைக்குக் காக்கை வரும். அதுவும் சரியாகக் கண்குழியில்தான் கொத்தும்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள முகமூடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

பிரித்தெடுத்து, உறுப்பு சேர்த்தல்

ஓரத்தில் மழுங்கிய கத்தியைவிட்டுச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். ஒரே பக்கமாக இழுத்தால் மூக்குப் பாலத்தில் மடியும். உள்ளே ஒட்டிய மண்ணை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, ஓரத்தைக் கத்தரித்துச் சீராக்கி, சிறு காகிதத் துண்டுகளை முன்னிருந்து பின்னுக்கு மடித்து ஒட்டினால் விளிம்பு பிரியாது. பின்பக்கம் முழுவதும் நீர்த்த ஃபெவிகால் ஒரு கோட் அடியுங்கள்.

மாட்டும் கம்பியை இப்போதே கட்டிவிட வேண்டும், பெயின்ட் அடித்த பிறகு ஓட்டை போட்டால் வெடிக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி, விளிம்பின் உள்பக்கத்தில் இடமும் வலமும் கம்பி வளையம் வைத்து, அதன்மேல் வேட்டித் துணியை ஃபெவிகாலில் தோய்த்து ஒட்டுங்கள். கம்பி நேராகக் காகிதத்தை அறுக்காமல் துணி தாங்கிக்கொள்ளும்.

டேபிள் டென்னிஸ் பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர். அதைப் பாதியாக வெட்டினால் இரண்டு கண்ணும் ரெடி. குழியில் ஒட்டிவிட்டு, இமையைக் காகிதக்கூழில் செய்யுங்கள். கிழித்த தாளை ஓர் இரவு ஊறவைத்து, பழைய மிக்ஸியில் நிறையத் தண்ணீரோடு அடித்து, துணியில் பிழிந்து, ஃபெவிகாலும் சாக் பவுடரும் சேர்த்துப் பிசைந்தால் கூழ் தயார். பழைய காலத்தில் தாளோடு ஊறிய வெந்தயத்தையும் அரைத்துப் பாத்திரத்தின்மேல் அப்பிக் கூடை செய்வார்கள், அதே சமாசாரம்தான். மேலிமையைக் கண்ணின் நடுவரை இறக்குங்கள். முழுக்கத் திறந்த கண் திகிலடைந்த முகமாகிவிடும். பாதி இமை இறங்கினால் அதே கண்ணில் ஒரு அதிகாரம் வரும். பற்களையும் இதே கூழில் கீழ் விளிம்பில் வரிசையாக வையுங்கள், கடைவாயில் இரண்டு கோரைப்பல்லைக் கொஞ்சம் வெளியே வளைத்து.

காது, கிரீடம் போன்ற தட்டையான பாகங்களுக்கு என்னுடைய சிபாரிசு பாக்குமட்டைத் தட்டு. கேரளத்தில் படையணி என்ற கோயில் சடங்காட்டத்தில் கோலங்கள் என்று சொல்லும் பெரிய முகமூடிகளும் கிரீடங்களும் கமுகம்பாளையில்தான் செய்யப்படுகின்றன. அதுவும் இதுவும் ஒரே மரத்துப் பொருள். தட்டைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவிட்டால் கத்தரிக்கோலுக்கு இணங்கும். வளைத்து நூலால் கட்டிக் காயவிட்டால் அந்த வளைவிலேயே நிற்கும். ஒட்டுமிடத்தில் துணிப் பட்டை வைத்து ஒட்டுங்கள். வெறும் ஃபெவிகால் மட்டும் போட்டால் பாக்குமட்டையின் வழுவழுப்பில் பிடிக்காது. உப்புத்தாளால் ஒருமுறை சுரண்டிக்கொள்ள வேண்டும்.

வெள்ளை

இரண்டு பங்கு சாக் பவுடர், ஒரு பங்கு ஃபெவிகால், தோசை மாவுப் பதத்துக்குத் தண்ணீர். மூன்று கோட். ஒவ்வொன்றும் காய்ந்ததும் முதலில் 120, கடைசியில் 220 உப்புத்தாள். தூள் பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். செய்தித்தாள் எழுத்து வெள்ளையின் ஊடாக மங்கலாகத் தெரிந்தால்கூட வண்ணத்துக்குப் போகாதீர்கள்.

வண்ணம்

நான்கு நிறம் போதும்: காவிச் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, கொஞ்சம் கடுகு மஞ்சள். டப்பாவில் உள்ள பளீர்ச் சிவப்பை அப்படியே அடித்தால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கும். அதில் துளி கறுப்பும் மஞ்சளும் சேர்த்தால் செம்மண் நிறம் வரும். முகம் முழுவதும் அதைப் பூசுங்கள். காய்ந்ததும், அதே நிறத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு கலந்து நீர்க்கவிட்டு, புருவத்தின் அடியிலும் மூக்கின் ஓரத்திலும் பூசி, ஈரத்துணியால் மேட்டை மட்டும் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் நிழல் தங்கிவிடும்.

நெற்றியில் கோலம். மார்கழியில் காவி பூசிய வாசலில் வெள்ளைக் கம்பி எப்படி எடுத்துக் காட்டுமோ அதேதான் இங்கேயும். வளைந்த பரப்பில் புள்ளிகளைச் சமமாக வைப்பது கடினம். ஒரு நூலை நெற்றி நடுவில் மேலிருந்து கீழே பிடித்து, அதில் பென்சில் புள்ளி வைத்து, அங்கிருந்து இரு பக்கமும் போங்கள். 5 புள்ளிக்குமேல் ஆசைப்படாதீர்கள். கம்பி இழுக்கும்போது வண்ணம் பால்போல் ஓட வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வளைவை ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும். கோலம் கன்னத்துக்கும் இறங்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நான் இறக்கமாட்டேன். கண்ணுக்கும் கோலத்துக்கும் போட்டி வந்தால் இரண்டுமே தோற்கும்.

கருவிழியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சிலைகளில் கண் திறப்பதைச் சிற்பிகள் கடைசிக் காரியமாக வைத்திருப்பதற்கு மரபான காரணம் உண்டு. நமக்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. மற்ற எல்லா நிறமும் முடிந்த பிறகுதான் அந்த முகம் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். கறுப்புக் காகிதத்தில் இரண்டு வட்டம் வெட்டி, பந்தின்மேல் தற்காலிகமாக ஒட்டி, சுவரில் பிடித்துப் பாருங்கள். நேர் நடுவில் வைத்தால் முறைக்கும். சற்றுக் கீழே இறக்கினால் அறைக்குள் இருப்பவரைப் பார்க்கும். இரண்டும் மூக்கை நோக்கி ஒரு நூலளவு நகர்ந்தாலே மாறுகண் ஆகிவிடும், கோமாளிதான். இடம் முடிவான பிறகே பெயின்ட்.

வார்னிஷ் முகத்துக்கு மேட், கண்ணுக்கு மட்டும் பளபளப்பது. முகம் முழுக்கப் பளபளத்தால் டியூப் லைட் அதில் பட்டை பட்டையாகத் தெரியும், புருவ நிழலுக்காகப் பட்டபாடெல்லாம் வீண்.

மாட்டுதல்

கண்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே ஆணி. முகமூடியின் உள்பக்கம், நெற்றிக்குப் பின்னால், இரண்டு விரல் தடிமனில் ஒரு மரத்துண்டை ஒட்டினால் மேல்பகுதி சுவரைவிட்டு விலகி, முகம் சற்றுக் கவிழும். துண்டைக் கொஞ்சம் மெலிதாக்கிப் பாருங்கள், தடிமனாக்கிப் பாருங்கள். நோ முகமூடி பற்றிச் சொன்ன மாற்றம் கண்ணெதிரே நடக்கும். பிடித்த சாய்வில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாசலுக்கு வெளியே மாட்டச் சொல்லி வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்துவார்கள், கோரைப்பல் இருக்கிறதல்லவா. காகிதம் என்பதால் சாரல் படாத இடமாக இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் இரும்பு ஆணியைத் தவிர்த்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போடுவது நல்லது. துரு இறங்கினால் சுவர் கெட்டுவிடும். ஈரம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டவே வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, அரை நாள் வெயிலில் வைத்துவிட்டு, நீர்த்த ஃபெவிகால் இன்னொரு கோட் அடித்து மாட்டுங்கள்.